நாரித்துக்கு ஒரு உருண்டைச் சோறு

அத்தியாயம் 14

"இவன் நாரித்தே இல்லை."

போன வாரம் ஸாரிம் அம்மா எங்கள் ஆபீஸ் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து இதைச் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பதினெட்டு வருஷமாக இந்த நதிக்கரை இல்லத்தில் குப்பை கொட்டுகிறேன். கம்போடியாவிலிருந்து வந்து அமெரிக்காவில் இந்த லோவெல்லில் இருக்கிற எங்கள் கெமர் ஜனங்களின் மனு, மருந்துச் சீட்டு, பிள்ளைகளின் மார்க்கு அட்டை எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். லக்கெனாவுக்குத் தெரியாத ரகசியம் இந்த ஊரில் ஏது என்று நானே பீற்றிக்கொள்வேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாரித் அண்ணன் எங்கள் இல்லத்து வேன் டிரைவர். ஸாரிம் அம்மாவுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று நடையாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவார், அப்பா அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை அவர்களைக் கட்டி மேய்ப்பார். வாலிபத்தில் ஒரு தெருச்சண்டையில் ஒருத்தன் மண்டையை உடைத்து ஜெயிலுக்குப் போனவர். அதோடு இந்த நாட்டில் தங்கும் உரிமையும் போனது. வருஷத்துக்கு ஒருமுறை குடியேற்ற ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட்டு வருவார். இந்த வருஷம் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நேரில் வா. அப்படிக் கடிதம் வந்து போன நாலு பேரில் ஒருத்தர்கூட வீட்டுக்குத் திரும்பவில்லை. எல்லோரும் இப்போது கம்போடியாவில், புனோம் பென்னில் வாடகை அறையில் இருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மா வாயைத் திறந்தது.

நாரித் மூத்தவன். தாய்லாந்து எல்லை அகதி முகாமில், ஆறு வயசில், காய்ச்சலில் செத்துப்போனான். இரண்டு வயசு இளையவன் கோசல் அப்போது சித்தியோடு வேறு பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான். அமெரிக்காவுக்கு அனுப்பும் முகாம் பட்டியலில் பதிந்திருந்தது தாயும் நாரித்தும் மட்டும். பட்டியல் மூடியாகிவிட்டது. கோசல் வந்து சேர்ந்ததும் அம்மா அவனைச் செத்தவன் இடத்தில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து அவன்தான் நாரித்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜனவரி ஒன்று. முகாமில் எவனோ எழுதியது. புது வருஷத்தன்று ஒரே கேக்கை நாற்பது பேர் வெட்டுவோம், யார் நிஜமாகவே அன்றைக்குப் பிறந்தவர் என்று கேட்டால் ஒரு கையும் உயராது. அதனால் வயசு மாறியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கள் வக்கீல் ரத்தனாவுக்குத்தான் சட்டென்று பொறி தட்டியது. ஸாரிம் அம்மா குடியுரிமை வாங்கிய அன்று காகிதப்படி மகனுக்குப் பத்தொன்பது. நிஜத்தில் பதினேழு. பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்குத் தாயோடு சேர்ந்து தானாகவே குடியுரிமை வந்துவிடும். அப்படியென்றால் அவரை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது.

வேண்டியது ஒரே ஒரு சத்தியப் பத்திரம். மூத்த மகன் நாரித் இறந்துவிட்டான், இவன் இளையவன் கோசல் என்று தாய் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அவர்கள் வீட்டு மரப்படி ஏறும்போதே மாடியில் வண்ணியின் குரல் கேட்டது. வண்ணி நாரித்தின் பெண்டாட்டி. டோனட் கடையில் விடியுமுன்னே மாவு பிசையப் போகிறவள், இன்றைக்கு லீவு.

"ஒரு கையெழுத்து அத்தை! ஒரு கையெழுத்து! உங்க பிள்ளைய உங்க கையாலயே ஏத்தி விடப் போறீங்களா?"

"என் பிள்ளையைக் காப்பாத்தத்தாண்டி போடமாட்டேங்கறேன்."

"இது என்ன நியாயம்? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ இந்த ஊர்ல பொறந்தவ."

"ஆமா, இந்த ஊர்ல பொறந்ததுதான் என் குத்தம். உங்க மகனைக் கட்டினேன் பாருங்க, அது அதைவிடப் பெரிய குத்தம்."

நான் உள்ளே போனதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். சமையலறை முழுக்க வாழையிலை. இன்று பச்சும் பென் என்கிற எங்கள் பித்ரு பண்டிகையின் கடைசி நாள். செத்துப்போனவர்களின் ஆவிகள் பதினைந்து நாள் அவிழ்த்து விடப்பட்டு, தங்களுக்குச் சொந்தக்காரர்கள் சோறு வைத்திருக்கிறார்களா என்று ஏழு விகாரை தேடி அலையும். ஏழிலும் இல்லையென்றால் பசியோடு திரும்பிப் போகும், போகும்போது சபித்துவிட்டுப் போகும். ஸாரிம் அம்மா எள்ளுப் போட்டு ஒட்டரிசி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். தன் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, புருஷனுக்கு, தங்கைக்கு.

நாரித் அண்ணன் வாசலில் என்னை மறித்து வேன் சாவியைக் கையில் வைத்தார். கூடவே ஒரு தாள்.

"மூணாவது நடையில ஏறுற ரெட்டைப் பொண்ணுங்க இருக்கே, அதுங்களைப் பின் சீட்ல போடாத. வாந்தி எடுக்கும். பாலம் தாண்டி இறங்குற பொண்ணு, வீட்ல லைட் எரியுதான்னு பாத்துட்டு இறக்கு. எரியலைன்னா இல்லத்துக்கே கூட்டிட்டு வந்துடு. அவங்கம்மா கேக்கக் கூச்சப்படுவாங்க, நீயே பண்ணிடு."

"நாளைக்கு நீங்களே பண்ணுங்க அண்ணே. எனக்கு அந்த வண்டியோட கியரே பிடிக்காது."

"பிடிக்காட்டி என்ன, பழகிக்கோ."

 சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

விகாரைக்குக் காரில் கிளம்பினோம். வண்ணி வண்டி ஓட்டினாள், அண்ணன் முன்னால். நானும் அம்மாவும் பின்னால். அம்மா மடியில் உருண்டைத் தட்டு. பாதி வழியில் அண்ணன் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அம்மா, அவனுக்கு நீ சோறு வைக்கிறதே இல்லையா?"

அம்மா தட்டில் சரிந்த உருண்டையை நேராக்கினார்.

"அண்ணனுக்கு. நாரித்துக்கு."

"எப்படி வைப்பேன்?" அம்மாவின் குரல் உடைந்தே வந்தது. "பேர் எழுதிக் குடுத்தாத்தானே பிக்கு சாமி வாசிப்பார்? என்ன பேரை எழுதுவேன்? நாரித்துன்னு எழுதினா அது நீதானே? உயிரோட இருக்கிறவன் பேரைச் செத்தவங்க பட்டியல்ல வாசிச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? எமன் வந்து கதவைத் தட்டுவான்."

"அதனாலதான் கையெழுத்தும் போடமாட்டேங்கறீங்களா?" வண்ணி கண்ணாடி வழியாகக் கேட்டாள். கத்தவில்லை. இத்தனை நாளும் அவளுக்கு இது விளங்கவே இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நாரித் செத்துட்டான்னு எழுதி, கீழே என் பேரைப் போடச் சொல்றீங்க. பெத்தவ எழுதலாமா அதை? எழுதின மறுநாள் இவனுக்கு ஏதாவது ஆனா?"

"ஏற்கெனவே ஆயிட்டிருக்கே அத்தை."

"அது அவன் சாபம்." அம்மா உருண்டைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஜெயிலுக்குப் போனது, குழந்தை தங்காதது, இப்ப இந்தக் கடுதாசி. எல்லாம் மூத்தவன் சாபம். வருஷா வருஷம் வந்து ஏழு விகாரையும் தேடிட்டு வெறும் வயித்தோட போறான். சபிக்காம என்ன பண்ணுவான், குழந்தை."

 வண்ணிக்கு இரண்டு முறை கரு கலைந்தது எனக்குத் தெரியும். மாமியார் அதை இப்படி ஒரு கணக்கில் சேர்த்து வைத்திருப்பார் என்று அவளுக்கே இன்றுதான் தெரியும்.

 நாரித் அண்ணன் கேட்டார்.

"நாப்பத்தி மூணு வருஷமா அவன் சாப்பிடலையாம்மா?"

அவ்வளவுதான். அந்த அம்மா குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். போல் பாட் ஆட்சியின் பஞ்சத்தில் ஒரு கரண்டிக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். சட்டம், கோர்ட், வக்கீல் என்று நாங்கள் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டோம், ஒன்றும் ஏறவில்லை. பசி என்று சொன்னதும் ஏறிவிட்டது. நான் தட்டை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் எல்லாம் கொட்டியிருக்கும்.

"அவன் பேரை அவன்கிட்டயே குடுத்துடலாம்மா," என்றார் அண்ணன். "நான் ரொம்ப நாள் வச்சுக்கிட்டேன். அப்புறம் எமன் வந்தாலும் அந்தப் பேர்ல இங்க யாரும் இருக்க மாட்டாங்க. எனக்கு என் பேரைக் குடு."

விகாரையில் கால் வைக்க இடமில்லை. வெள்ளை மேல்துண்டு போட்ட பெண்கள், பட்டுப் பாவாடை, அடுக்கடுக்காகத் தூக்குச் சட்டி. எல்லோருக்கும் விஷயம் தெரியும்போல, எங்களைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்தார்கள். அம்மா பெயர் எழுதுகிற தாளை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"நீ எழுது மகளே. எனக்குக் கை வராது."

நான் எழுதினேன். தாத்தா பெயர், பாட்டி பெயர், புருஷன், தங்கை. ஐந்தாவதாக நாரித்.  படித்தவள், மூடநம்பிக்கை கிடையாது என்று சொல்லித் திரிகிறவள் நான். அந்த மூன்று எழுத்தை எழுதுவதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

பெரிய பிக்கு தாளை வாசித்துக்கொண்டே வந்தவர் ஐந்தாவது பெயரில் நின்றார். நாரித் அண்ணன் அவருக்கு எதிரேதான் மண்டி போட்டிருந்தார். விகாரைக் கூரையில் பனி தள்ளுகிறவர், எல்லோருக்கும் தெரிந்த ஆள்.

"என்னம்மா இது? தப்பா எழுதிட்டீங்களா?"

"இல்லை சாமி." ஸாரிம் அம்மா கைகூப்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நாரித் என் மூத்த பிள்ளை. ஆறு வயசு. முகாம்ல செத்துட்டான். வெளியே தெரிஞ்சா பட்டியல்ல பேரை அடிச்சிருவாங்கன்னு மூணு நாள் வாயைப் பொத்திக்கிட்டு, அழாம, முள்வேலி ஓரமாப் பொதைச்சேன். ஒரு சாமி கூட வந்து ஓதல. இது என் இளையவன். இவன் பேர் கோசல்."

 பின்வரிசையில் ஒரு பெண் அழுதாள். அதற்குப் பிறகு இன்னொருத்தி. எத்தனை வீட்டில் இப்படி ஒரு பெயர் புதைந்து கிடக்கிறதோ, நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

பிக்கு வாசித்தார். நாரித் என்று அவர் சத்தமாகச் சொன்னபோது அண்ணனின் தோள் தூக்கிப் போட்டது. கூப்பிட்ட குரலுக்கு எழுந்திருக்கப் போனவர் மாதிரி ஒரு முழங்காலைக்கூடத் தரையிலிருந்து எடுத்துவிட்டார். வண்ணி அவர் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

உருண்டையை அவரே எடுத்து வைத்தார்.

"சாப்பிடு அண்ணே. உன் இடத்துல நான் வந்துட்டேன். கோவிச்சுக்காத."

ஐம்பதை நெருங்குகிற மனுஷன், ஆறு வயசுப் பிள்ளையை அண்ணே என்று கூப்பிடுகிறார். நான் எழுந்து செருப்பு விடும் இடத்துக்குப் போய்விட்டேன். எனக்குப் பொது இடத்தில் அழுவது பிடிக்காது.

ரத்தனா அங்கேயே நோட்டரி ஒருவரைக் கூட்டி வந்து காத்திருந்தாள். கார் பானட்டின் மேல் பத்திரத்தை விரித்தாள்.

"அம்மா, இன்னொரு தடவை சொல்றேன். அன்னைக்கு நீங்க பொய் சொன்னதா நீங்களே எழுதிக் குடுக்கறீங்க. உங்க குடியுரிமையையே கேள்வி கேக்கலாம்."

"எனக்கு எழுபது வயசு. எங்க வேணா அனுப்பட்டும், போறேன். எங்கே போடணும், சொல்லு."

கோழி கீறிய மாதிரி ஒரு கையெழுத்து. வண்ணி குனிந்து மாமியாரின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

"இது மட்டும் போதாதும்மா," ரத்தனா தயங்கினாள். "தாய் பிள்ளைக்காகப் பொய் சொல்றாங்கன்னு அவங்க வாதம் பண்ணுவாங்க. அந்தச் சாவைப் பாத்தவங்க வேற யாராவது உயிரோட இருக்காங்களா?"

அம்மா நெடுநேரம் யோசித்தார். யோசித்தார் என்ன, தெரிந்ததைச் சொல்ல மனசில்லாமல் நின்றார்.

"ஒருத்தி இருக்கா. நவி. பக்கத்துக் குடிசை. பொதைக்கப் பாய் குடுத்தது அவதான். கலிபோர்னியாவுல, லாங் பீச்ல இருக்காளாம்."

"நம்பர்?"

"அவ என்கிட்டப் பேசமாட்டா. நாரித் செத்த அன்னிக்கே பட்டியல்ல அந்த எடத்தை அவ அக்கா மகனுக்குக் கேட்டா. ஒம்பது வயசுப் பையன். நான் குடுக்கல. கோசல் வருவான்னு வச்சிருந்தேன். கோசல் வந்துட்டான். அந்தப் பையன் அங்கேயே நின்னுட்டான்." அம்மா மேல்துண்டால் வாயைத் துடைத்தார். "அப்புறம் அவன் என்ன ஆனான்னு நான் கேக்கவே இல்லை."

விகாரையில் நாலு பேரைப் பிடித்து நான் நம்பரை வாங்கினேன். மூன்று முறை அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தார்கள். ஒரு பெண் குரல், யாரு என்றது. ஸாரிம் அம்மா சார்பாகப் பேசுகிறேன் என்றேன்.  உடனே கட்டாகிவிட்டது. மணி ஒன்றே கால். கிளம்ப வேண்டியதாயிற்று.

குடியேற்ற ஆபீஸ் வாசலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். அண்ணனும் ரத்தனாவும் மட்டும் உள்ளே. போகுமுன் வண்ணியின் கழுத்தைப் பிடித்து இழுத்து நெற்றியில் முகர்ந்தார்.

"பயந்துக்காத. இன்னைக்கு என் பக்கம் பேப்பர் இருக்கு."

"சாயங்காலம் மீன் நூடுல் பண்ணி வைக்கறேன். ஆறிப்போனா நான் சூடு பண்ணித் தரமாட்டேன், பாத்துக்கோங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போனார். எனக்கும் நம்பிக்கை இருந்தது, பொய் சொல்வானேன். அந்தக் காகிதத்தைப் பார்த்தால் எந்தக் கல்லும் கொஞ்சம் யோசிக்கும் என்று நினைத்தேன்.

மூன்றரைக்கு ரத்தனா வெளியே வந்தாள். தனியாக வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பெல்ட்டு, ஷூ லேஸ், மோதிரம், போன்.

வண்ணி பையை வாங்கவில்லை. "பேப்பரைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க அக்கா. வாங்கி ஃபைல்ல வச்சுக்கிட்டாங்க. ஜட்ஜ் பாத்துச் சொல்லட்டும், அது வரைக்கும் உள்ள இருக்கட்டும்னுட்டாங்க. விமானத்துக்குப் பேர் ஏற்கெனவே போட்டாச்சாம். நான் இன்னைக்கே மனு போடறேன். தடை வாங்கிடுவேன். வாங்கப் பாக்கறேன்."

"அவரு எங்கே?"

ரத்தனா பதில் சொல்லுமுன் கட்டிடத்தின் பக்கவாட்டில் இரும்புக் கதவு திறந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேன். முன்னால் இரண்டு காவலர். நடுவில் எங்கள் ஆள். கை முன்னால் பூட்டியிருந்தது, லேஸ் இல்லாத ஷூவை இழுத்து இழுத்து நடந்தார். முதுகு எங்கள் பக்கம். நாற்பது அடி தூரம் இருக்கும்.

ஸாரிம் அம்மா எப்படி அவ்வளவு வேகமாக ஓடினார் என்று எனக்குத் தெரியவில்லை. வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"கோசல்!"

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"கோசல்! டேய் கோசல்! என்னைப் பாருடா!"

அடிவயிற்றிலிருந்து வந்த குரல். தெருவில் போகிறவன் திரும்பிப் பார்த்தான். காவலரில் ஒருத்தர்கூடத் திரும்பினார். அவர் திரும்பவில்லை.

"அத்தை, அவருக்குப் புரியல! நாரித்துனு கூப்பிடுங்க!" வண்ணி மாமியாரைப் பிடித்து உலுக்கினாள். "நாரித்துனு கூப்பிடுங்க, திரும்புவாரு!"

அம்மா தலையை ஆட்டினார். மாட்டேன் என்று ஆட்டினார்.

"காலையில குடுத்தாச்சு. இப்ப அந்தப் பேரைச் சொன்னா மூத்தவன் வந்து அந்த வண்டியில ஏறிடுவான். மறுபடியும் அவனை நான் ஏமாத்த மாட்டேன்."

"என் புருஷன் என்னைப் பாக்காம போறாரு அத்தை!"

வண்ணியே கூப்பிட்டாள். பெயர் சொல்லி இல்லை, பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி, என்னங்க, என்னங்க என்று. அதற்குள் வேன் கதவைச் சாத்திவிட்டார்கள். என்ஜின் சத்தத்தில் அதுவும் போயிற்று. வண்டி பின் வாசல் வழியாகத் தெருவில் திரும்பி மறைகிற வரைக்கும் அவள் கம்பியை அடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அப்படியே புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், கேட்டிருக்காதும்மா என்று ஏதோ உளறினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"அவனுக்குக் காது நல்லாத்தான் கேக்கும். முகாம்ல நேர்காணலுக்கு வந்த வெள்ளைக்காரங்க திடீர்னு பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாப்பாங்கன்னு சொன்னாங்க. நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அதனால நான் பின்னாடி நின்னுக்கிட்டு கோசல், கோசல்னு கூப்பிடுவேன். திரும்பினா கன்னத்துல ஒண்ணு வைப்பேன். பதினோரு நாள் அடிச்சேன். பன்னெண்டாம் நாள் கூப்பிட்டேன், அவன் திரும்பல. என் கெட்டிக்காரப் பிள்ளைன்னு தூக்கி வச்சுக் கொஞ்சினேன்."